டேபிள் சா ஃபென்ஸ்: கருகல் எங்கிருந்து வருகிறது

மார்ச் 4, செவ்வாய்
10 அங்குல கேபினட் சா, அதாவது பெட்டி போன்ற அடிப்பாகத்தின் மேல் மேசை உட்கார்ந்த கனமான டேபிள் சா. தேக்குச் சட்டத்தை நீளவாக்கில் அறுத்தால் ஃபென்ஸ் (மரம் ஒட்டி ஓடும் வழிகாட்டிச் சட்டம்) பக்கத்து முகம் கருகுகிறது. பாதி தாண்டியதும் தள்ளவே கனக்கிறது. பிளேடின் பின்பல்லுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே மரம் நெரிபடுகிறது. உதைத்துத் திருப்பி அடிப்பதும் இந்த நெரிசலில்தான். கழிவுத் துண்டு மட்டும் கருகினால் கதை தலைகீழ்: ஃபென்ஸ் பின்னால் அதிகம் விலகியிருக்கும்.

அகலம் ஒரு முனையில் அரை நூல் கூடிக் குறைந்தால் உடனே ஃபென்ஸைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும் ஃபென்ஸை ஒட்டி ஓடும் மர விளிம்பே நேராக இருக்காது.

மார்ச் 5, புதன்
பிளக்கைப் பிடுங்கியாச்சு. எல்லா அளவுக்கும் ஆதாரம் மைட்டர் காடி, மேசையில் முன்னிருந்து பின்னாக ஓடும் நீளப் பள்ளம். முதலில் பிளேடு, அப்புறம்தான் ஃபென்ஸ்.

ஒரு பல்லில் மார்க்கர் புள்ளி. அந்தக் காடியில் ஓடும் மைட்டர் கேஜில் டயல் கேஜை (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) கட்டி, முன்னால் அந்தப் பல்லில் பூஜ்யம் வைத்தேன். பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்னால் கொண்டுவந்து மறுபடி தொட்டேன். வேறு பல்லைத் தொட்டால் பிளேடின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். பின்பக்கம் 0.3 மி.மீ. ஃபென்ஸை நோக்கிச் சாய்வு.

கேபினட் சாவில் மேசையைத்தான் நகர்த்த வேண்டும். நான்கு போல்ட்டில் மூன்றைத் தளர்த்தி, நான்காவதைப் பாதி இறுக்கத்தில் விட்டு, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டல். 0.05-க்கு வந்தது. இறுக்கும்போது 0.1 ஓடிவிட்டது! மூன்றாவது தடவை, குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியபோதுதான் நின்றது.

மார்ச் 6, வியாழன்
ஃபென்ஸைப் பூட்டி, அளந்து, விடுவித்து, மறுபடி பூட்டி ஐந்து தடவை. ஐந்தும் வேறு வேறு. இந்த நிலையில் திருகைத் திருப்புவது வீண். ஃபென்ஸ் பூட்டும் முன் ரெயிலின் உள்முகத்தில் பிசினும் மரத்தூளும் சேர்ந்து நகத்தால் சுரண்டினால் தகடாக உரிகிறது. தின்னர் தொட்ட துணியில் துடைத்து, மெழுகு தடவினேன். சிலிகான் ஸ்பிரே வேண்டாம், மரத்தில் ஒட்டினால் பாலிஷ் பிடிக்காது. ஃபென்ஸின் தலைப்பகுதியை ரெயிலோடு அழுத்திக்கொண்டே பூட்டினால் இப்போது வாசிப்பு மாறவில்லை.

மார்ச் 8, சனி
டி-வடிவ ஃபென்ஸ். தலையின் முன்னால் இருக்கும் இரண்டு அலன் திருகில் ஒன்றைத் தளர்த்தி, எதிரானதை அதே அளவு இறுக்கினேன், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கும் குறைவாக. காடியிலிருந்து அளந்தால் பின்முனை 0.05 மி.மீ. விலகல். துல்லிய இணையைவிட இந்தச் சின்ன விலகலே எனக்குப் பிடிக்கும். உள்நோக்கி மட்டும் ஒரு இழைகூடக் கூடாது.

மூலைமட்டம் வைத்தால் ஃபென்ஸ் முகத்தின் மேல்புறம் வெளிச்சம் தெரிந்தது. மேல் நைலான் திருகுகளில் அது சரியானது. பலகையைச் செங்குத்தாக நிறுத்திப் பிளக்கும்போதுதான் இந்தக் கோணம் வேலையைக் கெடுக்கும். படுக்கவைத்து அறுத்த விளிம்பு 90 டிகிரி வராவிட்டால் பிளேடின் சாய்வு நிறுத்தத்தைப் பாருங்கள்.

சோதனை வெட்டில் கருகல் இல்லை. அளவுகோல் முள் மட்டும் தப்பு காட்டுகிறது: 50 என்று வைத்தால் துண்டு 50.6. முள்ளைத் தளர்த்தி 50.6-இல் வைத்து இறுக்கியாச்சு.