வந்த வழியே திருப்பி அனுப்பிய நன்கொடை

மார்த்தாண்டம் பக்கம், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சிறிய அறக்கட்டளை ஒன்றுக்கு நான் பொருளாளர். மாதாமாதம் 200, 500 என்று வருகிற நன்கொடையில்தான் எங்கள் ஓட்டம். கொடுப்பவர்களில் பாதிப்பேர் வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள். ஒருமுறை ஆட்டோபே போட்டுவிட்டால் தேதி ஆனதும் பணம் தானாக வந்துவிடும். அந்த வசதியை வைத்தே எங்களிடம் ஒருவர் பணம் பறிக்கப் பார்த்தார். இதுபோன்ற சிறு அமைப்புகளில் கணக்கு பார்ப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

புதிதாக ஒருவர் கிரெடிட் கார்டில் மாதம் 9,500 ரூபாய்க்குப் பதிவு செய்திருந்தார். எங்களுக்கு அது பெரிய தொகை. வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீதுக்காகப் பான் எண் கேட்டோம். ரசீதே வேண்டாம் என்றார். இரண்டு மாதம் ஒழுங்காகப் பணம் வந்தது. அப்புறம் வாட்ஸப்பில் ஒரு செய்தி: "அக்கா, 950 போட நினைத்தேன், ஒரு பூஜ்யம் கூடிவிட்டது. இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 17,100 ரூபாயை இந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்." கீழே வேறொருவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு.

கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது? கை தவறிப் பூஜ்யம் கூடுவது யாருக்கும் நடக்கும். ஆனால் பணம் வந்தது கார்டிலிருந்து, கேட்பது வேறொரு ஆளின் கணக்குக்கு. கார்டுக்கே திருப்புகிறோம் என்று பதில் போட்டேன். உடனே அழைப்பு வந்தது. கார்டை மூடிவிட்டாராம், மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம், இன்று சாயங்காலத்துக்குள் வேண்டுமாம். குரல் உடைந்து பேசினார். நோயாளிகளோடு பழகுகிற எங்களுக்கு அந்த வார்த்தையைத் தாண்டிப் போவது கஷ்டம்தான்.

எங்கள் கமிட்டியில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். அவர் ஒரே சொல்லில் முடித்தார்: "கார்டை மூடினாலும் அந்த பேங்க் அவருக்குக் கணக்குத் தீர்த்துக் குடுக்கும்லா. வந்த வழியே அனுப்பு." இணையத்தில் நன்கொடையை வாங்கி எங்களுக்குச் சேர்க்கும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்தின் பக்கத்தில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நேரே 'ரீஃபண்ட்' பொத்தான் உண்டு. இரண்டு மாதத் தொகையிலும் 8,550 வீதம் திருப்பி, கிடைத்த ஏஆர்என் எண்களை அவருக்கு அனுப்பினேன். அந்த எண்ணை வைத்துக் கார்டு வங்கியில் பணம் எங்கே நிற்கிறது என்று கேட்கலாம். மறுபடி அவரிடமிருந்து பேச்சே இல்லை.

கொஞ்ச நாளில் கேட்வேயிலிருந்து மின்னஞ்சல். அந்த இரண்டு பரிவர்த்தனையும் தனக்குத் தெரியாமல் நடந்ததாகக் கார்டுக்காரர் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறார், 19,000 ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறோம், குறித்த நாளுக்குள் ஆவணம் தாருங்கள் என்று. சார்ஜ்பேக் என்பது இதுதான். கணக்கைப் பாருங்கள்: அவர் சொன்ன கணக்குக்கு 17,100 அனுப்பியிருந்தால், இந்த 19,000-மும் சேர்ந்து 36,100 எங்களை விட்டுப் போயிருக்கும். எங்களுக்கு வந்ததே 19,000தான்.

பதிலுக்கு நாங்கள் கொடுத்தவை: முதல் பதிவின்போது ஓடிபி போட்டு உறுதி செய்த விவரம், இரண்டாம் மாதம் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே போன அறிவிப்பின் பதிவு, வாட்ஸப் உரையாடல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இரண்டு ஏஆர்என் எண்கள். 15,000 ரூபாய் வரையுள்ள ஆட்டோபேக்கு முதல் முறைக்குப் பிறகு ஓடிபி கேட்பதில்லை. அதனால் அந்த முன்னறிவிப்புப் பதிவு முக்கியம். மீதி 1,900 ரூபாய்க்கு வாதாட வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கார்டு உண்மையிலேயே திருடப்பட்டது என்றால் அது யாரோ ஒரு அப்பாவியின் பணம், எங்களுக்கு எதற்கு? இழுத்தடித்தாலும் முடிவு எங்கள் பக்கம் வந்தது. நிறுத்தி வைத்த பணத்தில் 17,100 திரும்பக் கிடைத்தது.

1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கும் சொன்னோம். சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதிந்து, அந்த மூன்றாம் ஆள் கணக்கு எண்ணையும் கைபேசி எண்ணையும் நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். பணம் போகவில்லையே, எதற்குப் புகார் என்று கமிட்டியிலேயே கேட்டார்கள். அந்தக் கணக்கில் வேறு எத்தனை பேர் பணம் விழுந்துகொண்டிருக்கிறதோ என்றேன்.

லெஸ்டரில் இருக்கும் என் சித்தி மகனிடம் சொன்னபோது, அங்கே இது பழைய கதை என்றான். பிரிட்டனில் நம் ஆட்டோபே போல வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் டைரக்ட் டெபிட்டுக்கு ஒரு உத்தரவாதம் உண்டு. பணம் தவறாக எடுக்கப்பட்டது என்று சொன்னால் வங்கி உடனே முழுத் தொகையையும் திருப்பித் தரும், கால வரம்பே இல்லை. அந்தத் தொகையைப் பணம் வசூலித்த அமைப்பிடமிருந்து பிடித்துக்கொள்வார்கள். ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்யும் செபா முறையில் எட்டு வாரம் வரை காரணமே சொல்லாமல் கேட்கலாம், அனுமதியே இல்லாமல் எடுத்திருந்தால் 13 மாதம் வரை. அங்கேயும் சங்கங்களிடம் இதே தந்திரம்தான்: கூடுதலாகக் கட்டு, வேறு கணக்குக்குத் திருப்பிக் கேள், பிறகு வங்கியிலும் கேள்.

இதைக் கேட்டு அந்தப் பாதுகாப்பையே குறை சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் பார்க்கும் ஒரு பாட்டியின் கணக்கிலிருந்து யாரோ பணம் எடுத்துவிட்டார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் மூன்றாம் ஆளால் நடந்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளருக்கு இல்லை. பத்து வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். பாட்டிக்கு மருந்து வாங்கும் பணம் அப்படித்தான் திரும்பி வந்தது. அந்த விதி இருக்க வேண்டும்.

இப்போது எங்கள் நன்கொடைப் படிவத்திலேயே, பணம் வந்த கார்டு அல்லது கணக்குக்கு மட்டுமே திருப்பித் தரப்படும் என்று அச்சிட்டிருக்கிறோம். போன மாதம் திங்கள்நகர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கணக்கு பார்ப்பவர் கூப்பிட்டார். அவர்களுக்கும் ஒரு செய்தி வந்திருக்கிறது. பெயரும் கணக்கு எண்ணும் வேறு, பூஜ்யம் கூடிய கதை மட்டும் அப்படியே. நாங்கள் கேட்வேக்குக் கொடுத்த பதிலின் நகலை அவருக்கு அனுப்பிவைத்தேன்.