ஓட்டி விட்டால் தீர்ந்தது

உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்டோவைப் பற்றிய ‘மண்டோ’ படத்தை எங்கள் கல்லூரியில் திரையிட வேண்டாம் என்று முடிவெடுத்தது நான்தான். கல்லூரி முதல்வர் தடுத்துவிட்டார் என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது உண்மையில்லை. “அந்தக் கட்டில் சீன மட்டும் காட்டாம ஓட்டி விட்டிருங்க” என்றார், அவ்வளவுதான். நாளைக்குப் பெற்றோர் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அப்படியென்றால் படமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வராந்தாவில் வரலாற்றுத் துறை மேடம் பிடித்துக்கொண்டார்.

“சாரே, பத்து நிமிசம் தானே? ஓட்டி விட்டா தீந்துது. மிச்சத்தப் பிள்ளைய பாக்கட்டும்.”

“அந்தப் பத்து நிமிசத்துக்குத்தானே மேடம் கேஸே நடந்தது?”

“கேஸு நடந்தது அவருக்கு. நமக்க பிள்ளையளுக்கு என்னத்துக்கு இந்தத் தண்டன?”

இந்தக் கடைசி வரிக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு குளிக்கும்போது, பேருந்தில், விடைத்தாள் திருத்தும்போது எல்லாம் நல்ல நல்ல பதில்களாக வந்தன.

ஆபாசம் என்று மண்டோ மீது ஆறு வழக்குகள். 1947க்கு முன் மூன்று, பாகிஸ்தான் போனபிறகு மூன்று. அதில் பெரிய வழக்கு ‘தண்டா கோஷ்த்’ கதைக்கு. கீழ்க்கோர்ட்டில் மூன்று மாதக் கடுங்காவலும் 300 ரூபாய் அபராதமும் விதித்தார்கள், மேல்முறையீட்டில் விடுதலை, அரசு விடாமல் மேலே போக, கடைசியில் அபராதம் மட்டும் நின்றது. நந்திதா தாஸ் 2018இல் எடுத்த படத்தில் இந்தக் கதையும் ஒரு காட்சியாக வருகிறது. முதல்வர் ஓட்டிவிடச் சொன்னது அதைத்தான். அதை எடுத்துவிட்டால் கோர்ட்டுக் காட்சியில் எல்லாரும் எதற்காக இப்படிக் கத்துகிறார்கள் என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? தணிக்கையைப் பற்றிய படத்தைத் தணிக்கை செய்து காட்ட நான் எதற்கு? இவ்வளவும் சரியாகத்தான் இருக்கிறது. இன்னொரு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஆனால் மேடம் சொன்னதில் வேறு ஒன்று இருந்தது. படம் ‘டோபா டேக் சிங்’ கதையில் முடிகிறது. பிரிவினைக்குப் பிறகு பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருப்பவர்களையும் இரண்டு நாடுகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவர்களில் ஒருவரான பிஷன் சிங், தன் ஊரான டோபா டேக் சிங் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டுக்கேட்டு, இரண்டு எல்லைக்கும் நடுவில் உள்ள மண்ணில் விழுந்து கிடக்கிறார். எங்கள் கல்லூரிக்குப் பாதிப் பிள்ளைகள் கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அம்மா வீடு அந்தப் பக்கம், அப்பா வீடு இந்தப் பக்கம் என்று இருக்கிற பிள்ளைகள். பஞ்சாபில் ஓடிய ரத்தம் இங்கே ஓடவில்லைதான். தமிழ்நாட்டோடு சேர நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச்சூடும் சாவும் இருந்தன என்றாலும் அதையும் இதையும் ஒரு தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் ‘எங்க ஊரு இப்ப எதுல?’ என்ற கேள்வி இந்தப் பிள்ளைகளின் தாத்தாமாருக்குப் புதிதில்லை. அந்தக் காட்சி இவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். என் பிடிவாதத்தில் போனது அதுதான் என்கிறார் மேடம். பிடிவாதமா கொள்கையா என்று நான் வாதிடலாம். வாதிட்டேன். அவர் சிரித்துவிட்டு ஹால் டிக்கெட் கட்டை எண்ணத் தொடங்கினார்.

‘தண்டா கோஷ்த்’ வழக்கில் உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ் சாட்சி சொன்னது நினைவுக்கு வருகிறது. கதை ஆபாசமில்லை, ஆனால் உயர்ந்த இலக்கியத்தின் தேவைகளை அது நிறைவு செய்யவில்லை என்றார். நண்பருக்குச் சாதகமாகச் சொல்ல வந்த சாட்சி! மேடமும் எனக்கு அப்படி ஒரு சாட்சிதான் என்று முதலில் எரிச்சல்பட்டேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தோன்றவில்லை. ஃபைஸ் தன் கருத்தை ஒளிக்கவில்லை, மேடமும் ஒளிக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள், பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டதால், இரண்டாமாண்டு வகுப்பில் மண்டோவைப் பற்றிப் பேசினேன். வழக்குகளைச் சொன்னேன், டோபா டேக் சிங் கதையை முழுக்கச் சொன்னேன். களியக்காவிளையிலிருந்து வரும் பையன் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். சொன்னபடி போய்ச் சேர்ந்தது என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “சார், கேஸு போட்ட கதைல அப்பிடி என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

கலவரத்தில் ஒருவன் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறான், பிறகுதான் அவள் ஏற்கெனவே இறந்துவிட்டாள் என்று தெரிகிறது, அந்த அதிர்ச்சியில் அவன் நடைப்பிணமாகிவிடுகிறான் என்றேன். நடுவில் இருப்பதைச் சொல்லவில்லை. தமிழில் மொழிபெயர்ப்பு இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்று முடித்துவிட்டேன்.

முழுக்கச் சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. அறுபது பேர் முன்னால் ஒரு ஆண் வாத்தியார் வாயால் சொல்வது வேறு, எடுத்து முடித்த படத்தில் கைவைப்பது வேறு. ஆனால் மேடமிடம் இதைச் சொன்னால், முதல்வர் சொன்னதும் இதத்தானே சாரே என்று கேட்பார். அதனால் வகுப்பில் நடந்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.