காங்கேசன்துறை டிறாமாவும் எங்கள் நடிகமணியும்

பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொன்னால் எல்லாரும் வாத்திமாரையும் கிரிக்கெட் மட்சுகளையும் பற்றி எழுதுவார்கள். நான் எங்கள் ஊர் காங்கேசன்துறையின் நாடகக் குழுவான வசந்த கான சபாவைப் பற்றி எழுதுகிறேன். தமிழ் இலக்கணத்தை வகுப்பில் படித்தோம், சரி. ஆனால் ஒரு வரியை மூச்சுப் பிடித்துப் பாடி, கூட்டத்தின் கடைசியில் பாய் விரித்திருக்கும் கிழவியின் காது வரை கொண்டுபோவது எப்படி என்று நாங்கள் பார்த்தது அந்தச் சபாவின் நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்துவிடம்தான்.

சபா ஆடியது, தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் கடல் கடந்து வந்து யாழ்ப்பாணத்துக்குத் தந்துவிட்டுப் போன, பாட்டாலேயே கதை சொல்லும் இசை நாடகம். ஊரில் அதை டிறாமா என்போம். பொழுதுபோக்குக்கு ஆடியவர்கள் இல்லை இவர்கள், தொழில்முறைக் கலைஞர்கள். திருவிழாக்காரர் வந்து பேசி, நாள் குறித்து, அச்சாரம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கோயில் வீதியில் மரம் நட்டுக் கிடுகு போட்டு, சீன் கட்டினால் அதுதான் அரங்கு. அடுத்த நாள் காலை அந்த இடத்தில் குழி மட்டும் இருக்கும். ஆனாலும் எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே நாடக அரங்கு அந்தக் கொட்டகைதான் என்பதால், கல்லால் கட்டிய எந்த மண்டபத்துக்கும் அது குறைந்ததில்லை என்று நான் நம்புகிறேன். ஓரத்தில் ஹார்மோனியமும் மிருதங்கமும். பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள்.

வைரமுத்து பேர் சொன்னால் அரிச்சந்திரன் கதையின் மயான காண்டம்தான். சுடலை காக்கும் அரிச்சந்திரனாக அவர் நிற்பார். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருவாள். காற்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் தந்தால்தான் பிணத்தை எரிக்கலாம் என்பான், அவளிடம் எதுவும் இல்லை. கழுத்துத் தாலியை விற்றுக் கொண்டுவா என்பான். அந்தத் தாலி கட்டியவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்பது வரம், ஆகவே இவன் யார் என்று அவளுக்கு அந்த ஒரு சொல்லிலேயே விளங்கிவிடும். கதை எல்லாருக்கும் மனப்பாடம், அடுத்த பாட்டு எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனாலும் அந்த இடம் வந்ததும் எங்கள் அம்மாமார் சீலைத் தலைப்பை வாயில் வைத்து அழுவார்கள். முடிவைத் தெரிந்துகொண்டே அழவைப்பதற்கு எவ்வளவு குரல் வேண்டும், எவ்வளவு நிதானம் வேண்டும்! இன்றைக்கு எத்தனையோ நாட்டு மேடைகளைப் பார்த்துவிட்டேன், என் அளவுகோல் இன்னும் அதுதான்.

1989இல் அவர் காலமானார். 1990இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. ரயில் திரும்பக் காங்கேசன்துறைக்கு வந்தது 2015இல்தான். அந்த இடைவெளியில் வீடுகளோடு சேர்ந்து எத்தனை நாடக நோட்டீஸ், எத்தனை படம், எத்தனை உடுப்புப் பெட்டி போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனால் லண்டனிலோ டொரன்டோவிலோ யாரோ ஒருவரின் அலமாரியில் ஒரு கசெற் கிடக்கலாம், ஒரு படம் ஒட்டிய ஆல்பம் இருக்கலாம். அப்படி ஏதும் இருந்தால் தயவுசெய்து சங்கத்துக்கு அறிவியுங்கள். பிரதி எடுத்துவிட்டு அசலை உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம். படத்தில் நிற்பவர்கள் யார், எந்த ஊர்த் திருவிழா என்று உங்கள் பெரியவர்களிடம் இப்போதே கேட்டுப் பின்புறத்தில் எழுதிவையுங்கள்.