வௌவாலும் மூன்றாம் சூத்திரமும்

மனம் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்பவும் பிரித்துப் போட்டிருக்கிறேன். மயிலாடுதுறைப் பக்கம் குறுவை நடவு மும்முரமாக நடக்கும் நேரம். வெளியே டிராக்டர் சத்தம், உள்ளே எனக்கு வௌவால் பிரச்சினை.

அமெரிக்கத் தத்துவவாதி தாமஸ் நேகல் 1974 இல் எழுப்பிய கேள்விதான். எதிரொலியை வைத்து வௌவால் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதை முழுக்கத் தெரிந்துகொண்டாலும், வௌவாலாக இருப்பது அந்த வௌவாலுக்கு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியுமா? அத்தியாயத்தில் இதை அடுத்து, மெய்கண்டார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் வருகிறது. உடம்புக்குள் உயிர் என்று தனியாக ஒன்று உண்டு என வாதிடும் சூத்திரம். பிரதியைப் படித்த நண்பர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சித்தாந்தத்தில் ஊறியவர். "பார்த்தீங்களா தம்பி, நேகல் கேட்டதை மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டுலயே சொல்லிட்டாரு" என்று பூரித்துப்போனார்.

அந்தப் பூரிப்புதான் என்னை உறுத்தியது. மெய்கண்டார் கேட்பது, அனுபவிப்பது யார் என்று. உடம்பா, ஐம்பொறிகளா, மூச்சா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போகிறார். அனுபவம் எப்படி இருக்கும் என்ற பேச்சே அங்கே இல்லை. நேகலிடமோ அந்த ‘யார்’ பெரிதாக விசாரிக்கப்படுவதில்லை.

‘எனது உடல்’ என்கிறோமே, அதனால் உடல் வேறு, நான் வேறு என்பது சூத்திரத்தில் ஒரு வாதம். எனக்கு இது போதவில்லை. ‘என் உயிர்’ என்றும்தான் சொல்கிறோம். தூக்கத்தை வைத்துச் சொல்லும் வாதம் கெட்டி. "கண்படில் உண்டிவினை இன்மையின்": தூங்கும்போது மூச்சு ஓடுகிறது, நுகர்ச்சியும் செயலும் இல்லை. ஆகவே மூச்சு உயிராகாது.

இதுவரை சார் தலையாட்டினார். நான் மூளை என்றதும் அவர் முகம் மாறியது. மூச்சைத் தள்ளிய வாதம் மூளையைத் தள்ளாதே! ஆழ்ந்த தூக்கத்தில் மூளை இயங்கும் விதமே மாறிவிடுகிறது. மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்த ஹான்ஸ் பெர்கர் 1929 இல் அதை வெளியிட்டார். அந்த வழியில் வந்த கருவிகளில் இந்த மாற்றத்தைக் கோடாகவே பார்த்துவிடலாம்.

"அப்ப மெய்கண்டார் தப்புங்கறீங்களா?"

"இல்ல சார், அவருக்கு எதிர்ல மூளைக்கட்சிக்காரங்க யாரும் உட்காரல."

அதனால் அத்தியாயத்தை இரண்டாக வெட்டுகிறேன். வௌவால் தனி, தூக்கம் தனி. நடுவில் இரண்டு தரப்பும் சண்டை போடக் கொஞ்சம் பக்கம். சூத்திரத்தின் ‘உணர்த்த உணர்தலின்’ மட்டும் பாக்கி. உயிர் தானாக அறியாது, உணர்த்தினால்தான் உணரும். உணர்த்துபவன் இறைவன் என்று அங்கிருந்து சித்தாந்தம் போய்விடும். அந்தப் பக்கம் இந்தப் புத்தகம் போகாது. சார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.