தண்டனை வழிகாட்டி வரைவுக்குக் கருத்து அனுப்பும்போது எதைப் பார்ப்பது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றத் தண்டனைக்கான வழிகாட்டிகளை எழுதுவது சென்டென்சிங் கவுன்சில். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2010 ஏப்ரலில் தொடங்கியது. அதன் உறுப்பினர்களில் நீதித்துறையினர் 8 பேர், மற்றவர்கள் 6 பேர். பெயர்தான் வழிகாட்டி, பின்பற்றுவது நீதிபதிக்குச் சட்டக் கடமை. நீதியின் நலனுக்கு முரணாகும் என்றால் மட்டுமே விலகலாம். ஆகவே சொல்ல வேண்டியதை, வரைவைக் கருத்துக்கு வெளியிடும் நிலையிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பெரும்பாலும் 12 வாரம் கிடைக்கும்.

வரைவு கைக்கு வந்ததும் எல்லோரும் எத்தனை ஆண்டு சிறை என்ற அட்டவணைக்குத்தான் ஓடுவார்கள். அங்கே தொடங்காதீர்கள். நடப்பில் எவ்வளவு தண்டனை தரப்படுகிறது என்ற புள்ளிவிவரத்தையும் தீர்ப்புரைகளையும் படித்துத்தான் அந்த எண்களை வைக்கிறார்கள். "12 ஆண்டு போதாது, 15 ஆக்குங்கள்" என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. வழக்கு அந்த அட்டவணையில் எந்தக் கட்டத்தில் விழும் என்பதைத் தீர்மானிக்கும் சொற்களைப் பாருங்கள்.

உள்நோக்கத்தோடு கொடுங்காயம் விளைவித்த குற்றத்தை எடுத்துக்கொள்வோம். 2011 வழிகாட்டி, காயம் "அந்தக் குற்றத்தின் சூழலில் கடுமையானதா" என்று கேட்டது. கொடுங்காயம் என்றாலே கடுமையானதுதானே! நீதிபதிகள் தடுமாறினார்கள். பின்னர் கவுன்சிலே ஆராய்ந்தபோது, இக்குற்றத்துக்கான தண்டனை எதிர்பார்த்ததைவிடக் கூடியிருந்தது தெரிந்தது. 2021 ஜூலை 1 முதல் புதிய வழிகாட்டி வந்தது: குற்றப் பொறுப்புக்கு ஏ, பி, சி, பாதிப்புக்கு 1, 2, 3 என்று வகைகள்; ஏ, 1 ஆகியவைதான் மிகக் கடுமையானவை.

இப்போது இதைச் சோதியுங்கள். வாய்த்தகராறு, கையில் ஒரே கத்திக்குத்து, ஆறிய பிறகும் தழும்பு. கத்தி மிக ஆபத்தான ஆயுதம் என்பதால் 'ஏ'. தழும்பை "மீளாத நிரந்தரக் காயம்" என்று கொண்டால் 2ஏ: நீதிபதி கணக்கைத் தொடங்கும் புள்ளி 7 ஆண்டு, வரம்பு 6 முதல் 10. கொள்ளாவிட்டால் 3ஏ: 5 ஆண்டு, வரம்பு 4 முதல் 7. ஒரு சொற்றொடருக்கு இரண்டு ஆண்டு! எங்கள் அனுபவத்தில் மிகவும் பயன்படும் வழி இதுதான்: ஒரே வழக்கை இருவர் தனித்தனியே போட்டுப் பார்ப்பது. விடை வேறுபட்டால், பிரித்த சொல் எது என்று எழுதி, மாற்று வாசகத்தையும் கொடுங்கள். கவுன்சிலும் கற்பனை வழக்குகளை நீதிபதிகளிடம் கொடுத்து வரைவைச் சோதிப்பது உண்டு.

அடுத்து, இரட்டைக் கணக்கு. கத்தியை, வகையைத் தீர்மானிக்கும் முதல் படியில் எண்ணிவிட்டால் தண்டனையைக் கூட்டும் காரணமாக மறுபடி எண்ணக்கூடாது. வரைவு அதற்கு இடம் வைத்திருந்தால் சுட்டுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கான குறைப்பு பிந்திய படி: முதல் வாய்ப்பிலேயே என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதன்பின் கால் பங்கு, விசாரணை தொடங்கும் நாளில் பத்தில் ஒன்று. கூடவே வரும் வளத்தேவை மதிப்பீட்டையும் புரட்டுங்கள். சிறையில் கூடுதலாக எத்தனை இடம் வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கும்.

கடைசியாகத் தேதி. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். குற்றம் எப்போது நடந்திருந்தாலும், நடைமுறைத் தேதிக்குப் பின் தண்டனை பெறும் வயதுவந்தோருக்குப் புதிய வழிகாட்டிதான். அதிகபட்சத் தண்டனை மட்டும் குற்றம் நடந்த நாளுக்குரியது. ஆபத்தாக வண்டியோட்டி உயிரிழப்பு ஏற்படுத்தும் குற்றத்துக்கு உச்சம் 14 ஆண்டாக இருந்தது; 2022 ஜூன் 28 அன்று ஆயுளாக உயர்ந்தது. அதற்கேற்ற வழிகாட்டி வந்தது 2023 ஜூலை 1இல்தான். 2022 மே மாத விபத்துக்கு 2024இல் தண்டனை தந்தாலும் 14 ஆண்டைத் தாண்ட முடியாது.