மாடில சோலார், கீழ வெறகு

திருப்பூர் சாயப்பட்டறை பாய்லர் வாசல்ல வெறகு லாரி நிக்குது, பையர், அதான் துணி வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி, பட்டறையப் பாக்க அனுப்புன ஆடிட்டர் நேரா மாடிக்குப் போயி சோலார் பேனல போட்டோ எடுத்துட்டிருக்காரு.

வெறகுல பாதி ஈரம், பட்டை கூட உரிக்கல, பத்த வெச்சா மொதல்ல பொகைதானுங்க.

2011ல ஹைகோர்ட்டு திருப்பூர் சாயப்பட்டறைகள மூடச் சொல்லி, கழிவுத்தண்ணி ஒரு சொட்டும் வெளிய விடாம பண்ணுனாத்தான் தெறக்கலாம்னு ஆச்சு, நொய்யல் ஆத்துக்கு நல்லதுதான், ஆனா மிச்சமாகற உப்புத்தண்ணிய சுண்டக் காச்சறதுக்கும் நீராவி வேணுமில்லீங்க, அதுக்கும் இதே பாய்லருதான்.

பல்லடம் காத்தாலை கரண்ட்ல மிஷின் ஓடும், நீராவிக்கு இன்னும் வெறகுதான்.

வெளிநாட்டு ஆர்டர் ஏற ஏற வெறகு லோடும் ஏறுது. கார்பன கொறைங்கன்னு மெயில் போடற பையரு ஒரு பீஸ் துணிக்குக் குடுக்கற ரேட்ட மட்டும் ஏத்த மாட்டேங்கறான், அப்பறம் புது பாய்லருக்கு யாருங்க காசு குடுப்பா?