பொறுத்திருக்கச் சொன்ன பேராயர்

சியால்டா நிலையத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டே ஏ.ஜே.சி. போஸ் சாலைக்கு வந்து சேர்ந்தோம். 54ஏ, அன்னை இல்லம். தரைத்தளத்திலேயே அன்னை தெரசாவின் கல்லறை. அலங்காரமற்ற வெள்ளைக் கல்லின்மேல் செண்டுப்பூ இதழ்களால் ஒரு வாசகம் எழுதியிருந்தார்கள். முழந்தாளிட்டேன். என் மனமோ கொல்கத்தா பேராயராக 1924 முதல் 1960 வரை இருந்த பெர்டினாண்ட் பெரியேயிடம் போய் நின்றது.

பெல்ஜியத்திலிருந்து வந்த சேசு சபைத் துறவி அவர். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் ரயிலில் தமக்குக் கிடைத்த இறை அழைப்பை, தாம் துறவியாக இருந்த லொரேட்டோ மடத்தைவிட்டு வெளியே வந்து ஏழைகளிடையே பணியாற்றும் அழைப்பை, அன்னை தெரிவித்தபோது, அவர் உடனே தலையசைக்கவில்லை. அன்னை கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். பேராயர் செபித்தார், விவரமறிந்தவர்களைக் கலந்தார், பொறுத்திருக்கச் சொன்னார். 1948-இல் திருச்சபையின் தலைமையிடமான ரோமுக்கு எழுத அனுமதித்தபோதும், துறவற வார்த்தைப்பாடுகளிலிருந்தே, அதாவது துறவியாக இறைவனுக்குக் கொடுத்த வாக்குறுதிகளிலிருந்தே, விடுதலை கேட்டு எழுதும்படி சொன்னார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அன்னை கீழ்ப்படிந்தார். ரோமோ, வார்த்தைப்பாடுகளைக் காத்துக்கொண்டே லொரேட்டோ மடத்துக்கு வெளியே பணியாற்ற அனுமதி தந்தது.

பேராயர் தயங்கியது அன்பில்லாமல் அல்ல என்றே நம்புகிறேன். தெருவில் இறங்கும் ஒரு பெண் துறவிக்கும், நாளை அவரைப் பின்பற்றி வரும் இளம்பெண்களுக்கும் அவரே பொறுப்பு. 1950 அக்டோபர் 7 அன்று கிரீக் லேனில் ஒரு வீட்டு மாடியில் அன்பின் பணியாளர் சபை தொடங்கியபோது பேராயர் உடனிருந்தார். அங்கே இடம் போதாமல் போனபோது, நான் முழந்தாளிட்டிருந்த இதே வீட்டை 1953-இல் வாங்க உயர்மறைமாவட்டம் கடன் கொடுத்தது. புதிய சபை பத்தாண்டுகளுக்குத் தன் மறைமாவட்டத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியில் மட்டும் அவர் கண்டிப்பாக இருந்தார். வேர்பிடிக்காத நாற்றை யார் பிடுங்கி நடுவார்கள்? அந்தக் கெடு முடியும் தறுவாயில், 1959-இல், ராஞ்சியில் இல்லம் திறந்தார்கள். 1965-இல் சபை வெனிசுவேலா வரை சென்றது.

மாடிப்படி ஏறி அன்னையின் அறையைப் பார்த்தோம். ஒடுக்கமான கட்டில், ஒரு மேசை. கீழே சமையலறை என்பதால் அனல் ஏறும் அறை. மின்விசிறி கிடையாது.

மீண்டும் கல்லறைக்கு வந்தேன். செபமாலையின் கடைசிப் பத்து ‘அருள் நிறைந்த மரியே’யை அந்தப் பேராயரின் ஆன்மாவுக்காகச் சொன்னேன்.